கல்லீரல் மறுவளர்ச்சியில் குடல் பாக்டீரியாவின் பங்கை விலங்குகளில் ஆராய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சுண்டெலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுவை செய்து எடுத்துவிட்டால், மிஞ்சிய பகுதி 7 முதல் 10 நாட்களுக்குள் ஏறத்தாழப் பழைய எடையை எட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட மடல்கள் மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பெருத்து இழப்பை ஈடுசெய்கின்றன. கல்லீரலுக்குள் நுழையும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவதாகும். அறுவைக்குப் பிறகு அதே இரத்தம் மூன்றில் ஒரு பங்குத் திசுவின் வழியே பாய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கிராம் கல்லீரலுக்கும் கிடைக்கும் போர்ட்டல் இரத்தம் ஏறத்தாழ மும்மடங்காகிறது. அந்த இரத்தம் சுமந்து வரும் பாக்டீரியாத் துணுக்குகள், பித்த அமிலங்கள், குடலில் நார்ச்சத்து நொதிப்பதால் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் ஆகிய எல்லாவற்றின் சுமையும் அதனோடு சேர்ந்து கூடுகிறது. குடல் பாக்டீரியாவுக்கும் கல்லீரல் மறுவளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் இந்த உடலமைப்பிலிருந்தே பிறக்கிறது.

இத்தகைய ஆய்வைத் திட்டமிடும் முனைவர் பட்ட மாணவர்களுக்காகவும், வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை எடைபோட விரும்பும் மருத்துவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: பாக்டீரியாவை நீக்கியதும் மறுவளர்ச்சி மந்தமாகிறது என்று காட்டுவது பாதி வேலை, அதே பாக்டீரியாவையோ அது உண்டாக்கும் பொருளையோ திருப்பித் தந்து, வளர்ச்சி மீள்கிறது என்று காட்டினால்தான் வாதம் நிற்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டாம் பாதியை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளது.

படி 1: ஏற்கெனவே தெரிந்ததையும் முரண்படுவதையும் வரிசைப்படுத்துதல்

கல்லீரலின் பகுதி நீக்கத்தை ஆய்வுக்கூட முறையாக நிலைநிறுத்தியவர்கள் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் ஆகிய இருவரும் ஆவர். 1931-ஆம் ஆண்டு அவர்கள் எலிகளில் விவரித்த முறையே இன்றும் சிறு மாற்றங்களுடன் தொடர்கிறது. குடலைப் பற்றிய கேள்வி 1980-களில் வலுப்பெற்றது. குடலிலிருந்து வரும் எண்டோடாக்சினை, அதாவது சில வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள நச்சுப்பொருளை, கட்டுப்படுத்தினால், அறுவைக்குப் பின் கல்லீரலில் நடக்கும் டிஎன்ஏ உற்பத்தி குறைகிறது என்று கார்னெல் என்ற ஆய்வாளர் 1985-இல் எலிகளைக் கொண்டு காட்டினார். 1990-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், கிருமியற்ற சூழலில் வளர்ந்த சுண்டெலிகளிலும் எண்டோடாக்சினுக்கு எதிர்வினை காட்டாத இனச் சுண்டெலிகளிலும் மறுவளர்ச்சி குன்றியிருப்பதாகத் தெரிவித்தனர்.

இதற்கான விளக்கம் அடுத்த பத்தாண்டில் உருவானது. கல்லீரலின் நுண் இரத்தப் பாதைகளில் குடியிருக்கும் கூஃபர் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் குடலிலிருந்து வரும் பாக்டீரியாத் துணுக்குகளை உணர்ந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 ஆகிய சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்களை, சுரக்கின்றன. அவை உறங்கிக் கிடக்கும் கல்லீரல் செல்களைப் பிரிவதற்கு ஆயத்தப்படுத்துகின்றன. இன்டர்லூகின்-6 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மறுவளர்ச்சி குலைவது 1996-இலும், டிஎன்எஃப் ஏற்பியின் முதல் வகை இல்லாத சுண்டெலிகளில் அதே நிலை ஏற்படுவது 1997-இலும் காட்டப்பட்டன.

படம் இத்துடன் நிறைவடைந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். எண்டோடாக்சினை உணரும் ஏற்பி டிஎல்ஆர்4 என்பதும், மேற்சொன்ன எதிர்வினை காட்டாத சுண்டெலி இனத்தில் பழுதடைந்திருப்பது அதன் மரபணுவே என்பதும் 1998-இல் தெரியவந்தன. ஆனால் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில், டிஎல்ஆர்4 மட்டும் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் சைட்டோகைன் எழுச்சி பெரிதாகக் குறையவில்லை. அந்த ஏற்பிக்குக் கீழே செயல்படும் மைடி88 என்ற இணைப்புப் புரதத்தை நீக்கியபோதுதான் குறைந்தது. மைடி88 புரதத்தை நம்பியிருப்பது பாக்டீரியாவை உணரும் ஏற்பிகள் மட்டுமல்ல. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-18 ஆகியவற்றின் ஏற்பிகளும் அதன் வழியாகவே வேலை செய்கின்றன. ஆகவே மைடி88 தேவை என்ற முடிவிலிருந்து பாக்டீரியா தேவை என்ற முடிவுக்கு நேராகத் தாவ முடியாது. பல மீள்பார்வைக் கட்டுரைகள் இந்தத் தாவலைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன என்பது என் குறை.

படி 2: எந்தப் பாதையைச் சோதிக்கிறோம் என்று முடிவு செய்தல்

"குடல் பாக்டீரியா மறுவளர்ச்சிக்கு உதவுகிறதா?" என்ற கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாத அளவுக்குப் பெரியது. அதைக் குறைந்தது மூன்று தனித்தனிப் பாதைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மேலே கண்ட எதிர்ப்புச் சக்திப் பாதை. இதில் அளவு முக்கியமானது. சைட்டோகைன் தூண்டல் போதாமல் போனால் தொடக்கம் தாமதமாகிறது. எண்டோடாக்சின் வெள்ளமாக வந்தால் மிஞ்சிய கல்லீரலே செயலிழக்கக்கூடும். சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு கோணம் தந்தது. வாய்வழி ஆம்பிசிலின் பெற்ற சுண்டெலிகளில் மறுவளர்ச்சி தடைபட்டதற்கு அவர்கள் காட்டிய காரணம் தூண்டல் குறைந்தது அன்று. குடல் பாக்டீரியா கட்டிக் காத்துவந்த எதிர்ப்புச் சக்தியின் பொறுமை குலைந்து, கூஃபர் செல்களும் என்கேடி என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களும் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுந்ததே என்பது அவர்களுடைய முடிவு. ஒரே விளைவுக்கு எதிரெதிரான இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும் என்பதை ஆய்வைத் தொடங்கும் முன்பே மனத்தில் கொள்வது நல்லது.

இரண்டாவது, பித்த அமிலப் பாதை. கல்லீரல் உண்டாக்கும் பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலுக்கே திரும்புகிறது. வழியில் குடல் பாக்டீரியா அவற்றின் இணைப்புகளை அறுத்தும், வேதிக் குழுக்களை நீக்கியும் உருமாற்றுகிறது. பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பி இயல்பான மறுவளர்ச்சிக்குத் தேவை என்பது 2006-இல் காட்டப்பட்டது. அதே ஆய்வில், உணவில் சிறிதளவு கோலிக் அமிலம் சேர்த்தபோது கல்லீரல் பெருத்தது. குடல் சுவர் சுரக்கும் எஃப்ஜிஎஃப்15 என்ற ஹார்மோன் இல்லாத சுண்டெலிகள் பகுதி நீக்கத்தைத் தாங்க இயலாமல் பெருமளவில் இறந்தன என்பது 2013-இல் வெளிவந்தது.

மூன்றாவது பாதை அண்மையில் கவனம் பெற்றது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய செல் சவ்வுக்கான கொழுப்புப் பொருள் ஏராளமாகத் தேவைப்படும். அறுவை முடிந்த முதல் நாளில் கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் தற்காலிகமாகச் சேர்வதை நுண்ணோக்கியில் எளிதாகக் காணலாம். மியூனிக் நகரின் ஆய்வுக் குழு 2023-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆன்டிபயாடிக் பெற்ற சுண்டெலிகளில், நார்ச்சத்து நொதிப்பதால் உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குறைந்தன, மறுவளர்ச்சி தாமதமானது, இறப்பும் கூடியது. கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் எஸ்சிடி1 என்ற நொதியும், சவ்வுக்கான பாஸ்ஃபோலிப்பிடு உற்பத்தியும் இதில் மையமாக இருந்தன. கிருமியற்ற சுண்டெலிகளின் குடலில், இந்த அமிலங்களை உண்டாக்கவல்ல சில பாக்டீரியா இனங்களை மட்டும் குடியேற்றியபோது மறுவளர்ச்சி மேம்பட்டது. நீக்கிக் காட்டியதோடு நில்லாமல் திருப்பித் தந்தும் காட்டியதால்தான் இந்த ஆய்வை மற்றவற்றைவிட உயர்வாக மதிக்கிறேன்.

மூன்று பாதைகளையும் ஒரே ஆய்வில் அளக்கலாம். ஆனால் முதன்மை அளவீடு எந்தப் பாதைக்குரியது என்பதை அனுமதி விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

படி 3: அனுமதி

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஒரு கூண்டுகூட ஒதுக்கப்படாது. விண்ணப்பத்தில் விலங்குகளின் எண்ணிக்கைக்கான கணக்கு, வலி நீக்கும் முறை, எந்த நிலையில் விலங்கைக் கருணைக் கொலை செய்வது என்ற வரையறை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக் குழுவில் இறப்பு கூடும் என்று முந்தைய ஆய்வுகள் சொல்லும்போது அது போதாது.

படி 4: விலங்கையும் கூண்டையும் தேர்ந்தெடுத்தல்

எலியா, சுண்டெலியா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எலியின் உடல் பெரியது; அறுவை எளிது; டிஎன்ஏ உற்பத்தி ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். சுண்டெலியில் அந்த உச்சம் 36 முதல் 48 மணி நேரத்தில் வரும். மரபணு நீக்கப்பட்ட இனங்களும் கிருமியற்ற இனங்களும் அதில்தான் பரவலாகக் கிடைக்கின்றன. பித்த அமிலப் பாதையைச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும்: எலிக்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. ஆனால் சுண்டெலியின் பித்தப்பை நடு மடலோடு ஒட்டியிருப்பதால், வழக்கமான அறுவையில் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. போலி அறுவை செய்த, அதாவது வயிற்றைத் திறந்து கல்லீரலை நீக்காமல் மூடிய, சுண்டெலியில் பித்தப்பை அப்படியே இருக்கும். ஆக, ஒப்பிடப்படும் இரு குழுக்களிலும் பித்தம் குடலுக்குள் வந்து சேரும் ஒழுங்கே வேறுபட்டுவிடுகிறது. பித்த அமில அளவுகளில் காணும் வேறுபாடு கல்லீரல் குறைந்ததால் வந்ததா, பித்தப்பை போனதால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டுமானால், பித்தப்பையை மட்டும் நீக்கிய ஒரு குழுவும் தேவைப்படும்.

எந்த இனம் என்பதைப் போலவே, விலங்கு எங்கிருந்து வாங்கப்பட்டது என்பதும் முக்கியமானது. ஒரே மரபினச் சுண்டெலியாக இருந்தாலும், ஒரு விற்பனையாளரின் சுண்டெலிகளில் இழைவடிவப் பாக்டீரியா ஒன்று இருப்பதும் இன்னொருவரின் சுண்டெலிகளில் அது இல்லாமல் இருப்பதும், அதனால் குடலின் எதிர்ப்புச் செல்களே வேறுபடுவதும் 2009-இல் நிறுவப்பட்டன. மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைச் சொந்தமாக வளர்த்து, ஒப்பீட்டுக்கான இயல்பான சுண்டெலிகளை வெளியிலிருந்து வாங்கி வந்து ஒப்பிட்ட பழைய ஆய்வுகளின் முடிவுகளை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. ஒரே தாய் ஈன்ற குட்டிகளையே இரு குழுக்களாகப் பிரித்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

சுண்டெலிகள் தங்கள் புழுக்கையையும் கூண்டுத் தோழர்களின் புழுக்கையையும் தின்னும் பழக்கம் உடையவை. ஒரு கூண்டில் வாழும் எல்லாச் சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாவும் சில வாரங்களில் ஒன்றுபோல ஆகிவிடும். எனவே மருந்து பெற்ற குழுவை ஒரே கூண்டிலும், பெறாத குழுவை இன்னொரு கூண்டிலும் வைத்தால், உண்மையில் ஒப்பிடப்படுவது இரண்டு கூண்டுகளே. ஒவ்வொரு குழுவும் பல கூண்டுகளில் பரவியிருக்க வேண்டும். புள்ளியியல் கணக்கிலும் கூண்டு ஒரு காரணியாக இடம்பெற வேண்டும். விலங்குகள் வந்து சேர்ந்த பின் ஓரிரு வாரங்கள் பழக விட்டு, கூண்டுகளுக்கிடையே படுக்கைத் தூளை மாற்றிக் கலப்பது தொடக்க நிலையைச் சமன்செய்யும்.

படி 5: பாக்டீரியாவைக் குறைத்தல்

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டிலும் குறை உண்டு.

கிருமியற்ற சுண்டெலிகளில் பாக்டீரியா அறவே இல்லை என்பது உறுதி. ஆனால் அவை பிறந்தது முதலே அப்படி வளர்ந்தவை. அவற்றின் எதிர்ப்புச் சக்தி முதிர்ச்சி அடையாதது. பித்த அமிலக் கலவையும் வேறு. அறுவையையும் கிருமியற்ற நிலையிலேயே செய்ய வேண்டும் என்பதால் செலவும் திறமையும் மிகுதியாகத் தேவைப்படும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது குடிநீரில் ஆன்டிபயாடிக் கலவை கொடுக்கும் முறை. பரவலாகப் புழங்கும் கலவையில் ஒரு லிட்டர் நீருக்கு ஆம்பிசிலின், நியோமைசின், மெட்ரோனிடசோல் ஆகியவை தலா 1 கிராமும், வான்கோமைசின் 0.5 கிராமும் இருக்கும். மெட்ரோனிடசோலின் கசப்பால் சுண்டெலிகள் நீரைத் தொடாமல் இருந்துவிடுவது வழக்கம். முதல் சில நாட்களில் எடை சரிந்தால் அது பாக்டீரியா குறைந்ததால் அன்று, தாகத்தால் என்றே கொள்ள வேண்டும். அந்த நிலையில் அறுவை செய்தால் மறுவளர்ச்சி மந்தமாவதில் வியப்பில்லை. நாள்தோறும் எடையையும் நீர்க்குப்பியின் அளவையும் குறித்துவர வேண்டும். இனிப்பூட்டி சேர்ப்பதானால் ஒப்பீட்டுக் குழுவின் நீரிலும் அதையே சேர்க்க வேண்டும். நீர் குடிக்க மறுக்கும் விலங்குகளுக்குக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துவது மாற்று வழி.

இன்னும் கடினமான சிக்கல், மருந்து கல்லீரலையே நேரடியாகத் தொடுவதாகும். நியோமைசினும் வான்கோமைசினும் வாய்வழி கொடுக்கும்போது குடலிலிருந்து மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகின்றன. ஆம்பிசிலினும் மெட்ரோனிடசோலும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலை அடைகின்றன. இவற்றின் விளைவைத் தனியே அறிய நம்பகமான வழி ஒன்றுதான்: கிருமியற்ற சுண்டெலிகளுக்கும் அதே கலவையைக் கொடுத்துப் பார்ப்பது. பாக்டீரியாவே இல்லாத விலங்கில் மருந்து மறுவளர்ச்சியை மேலும் குறைத்தால், அந்தக் குறைவுக்குப் பாக்டீரியாவைக் காரணம் காட்ட முடியாது. கிருமியற்ற விலங்குகள் கிடைக்காத ஆய்வுக்கூடத்தில், உறிஞ்சப்படாத மருந்துகளைத் தனித்தனியே கொடுத்து ஒப்பிடலாம். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை அழிக்கும் வான்கோமைசின் பித்த அமிலங்களை உருமாற்றும் கிளாஸ்ட்ரிடியா வகைகளைப் பெரிதும் குறைக்கும். எண்டோடாக்சினைச் சுமக்கும் கிராம் நெகட்டிவ் வகைகளைக் குறைக்க நியோமைசின் போன்றவை பயன்படும். இந்த ஒப்பீடு முதல் இரண்டு பாதைகளையும் ஓரளவு பிரித்துக் காட்டும். பித்த அமிலங்களைக் கட்டி வெளியேற்றும் கொலஸ்டைரமின் பிசினைப் பயன்படுத்துவோர், அது எண்டோடாக்சினையும் சேர்த்தே கட்டும் என்பதை மறக்கலாகாது.

குறைத்துவிட்டோம் என்று நம்பினால் போதாது, அளந்து காட்ட வேண்டும். புழுக்கையை வளர்ப்பு ஊடகத்தில் இடுவதோடு, அளவறி பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) மூலம் மொத்தப் பாக்டீரியா மரபணு அளவையும் பார்க்க வேண்டும். பாக்டீரியா ஒழிந்த இடத்தில் ஈஸ்ட் பெருகுவது உண்டு. அதையும் சோதிப்பது நல்லது.

படி 6: அறுவை

அறுவையின் நுட்பத்தை எழுத்தால் கற்பிக்க முடியாது. தேர்ந்தவர் அருகில் நின்று பழக வேண்டும். முடிவைப் பாதிக்கும் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அறுவையின் நேரம் நிலையாக இருக்க வேண்டும். பகுதி நீக்கம் செய்யும் நேரத்தைப் பொறுத்துக் கல்லீரல் செல்கள் பிரியும் வேகம் மாறுகிறது என்றும், உடல் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட வீ1 என்ற புரதம் இதில் பங்கு வகிக்கிறது என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். காலையில் ஒப்பீட்டுக் குழுவையும் மாலையில் ஆன்டிபயாடிக் குழுவையும் அறுவை செய்துவிட்டு, வேறுபாட்டைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதுவது எவ்வளவு எளிதாக நிகழ்ந்துவிடும் என்று எண்ணிப் பார்க்கலாம். குழுக்களை மாற்றி மாற்றி, காலை வேளையிலேயே முடிப்பது வழக்கம்.

சுண்டெலியில் இடது பக்க மடலும் நடு மடலும் அடிப்பகுதியில் நூலால் கட்டப்பட்டு நீக்கப்படுகின்றன. நடு மடலின் முடிச்சைப் பெருஞ்சிரைக்கு மிக அருகில் போட்டால் இரத்தம் வெளியேறும் வழி நெருக்கப்பட்டு, மிஞ்சிய மடல்கள் கருத்து வீங்கும்; வெகு தள்ளிப் போட்டால் நீக்க வேண்டிய திசு எஞ்சிவிடும். ஒவ்வொரு விலங்கிலும் நீக்கப்பட்ட மடல்களை எடை பார்த்துக் குறித்துக்கொண்டால், உண்மையில் எத்தனை விழுக்காடு நீக்கப்பட்டது என்பதைப் பின்னால் கணக்கிடலாம். அறுவை செய்பவருக்கு எந்த விலங்கு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியக் கூடாது.

அறுவைக்குப் பின் உடல் வெப்பம் குறைவதும் இரத்தச் சர்க்கரை சரிவதும் இயல்பு. வெப்பத் திண்டும் குளுக்கோஸும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் வேண்டும். வலி நீக்கப் பரவலாகத் தரப்படும் புப்ரினார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். அதற்காக வலி மருந்தை விட்டுவிடக் கூடாது. போலி அறுவைக் குழுவுக்கும் அதே அளவு தர வேண்டும். விலங்கு மனையின் வழக்கப்படி அறுவை முடிந்ததும் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி போடும் பழக்கம் இருக்கிறதா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கவனத்தையும் அந்த ஓர் ஊசி வீணாக்கிவிடும்.

பகுதி நீக்கம் செய்யப்பட்ட சுண்டெலி முதல் இரண்டு நாட்கள் சரியாக உண்பதில்லை. போலி அறுவை செய்யப்பட்டது மறுநாளே உண்ணத் தொடங்கிவிடும். பட்டினி மட்டுமே குடல் பாக்டீரியாவை மாற்றப் போதுமானது. அறுவைக்குப் பின் பாக்டீராய்டீட்ஸ் பிரிவு கூடுவதும் ஃபர்மிக்யூட்ஸ் பிரிவின் சில குடும்பங்கள் குறைவதும் 2016-இல் வெளிவந்த ஆய்வில் பதிவாகியுள்ளன. இத்தகைய மாற்றத்தைக் கல்லீரலின் செயலாகக் கொள்வதற்கு முன், போலி அறுவைக் குழுவில் ஒரு பகுதிக்கு அதே குறைந்த அளவு உணவை மட்டும் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

படி 7: மாதிரி எடுத்தலும் அளத்தலும்

புழுக்கையை அறுவைக்கு முன், மருந்து தொடங்கிய பின், விலங்கை முடிக்கும் நாள் என ஒவ்வொரு விலங்கிடமிருந்தும் புதிதாக எடுத்து உடனே மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். கூண்டின் தரையிலிருந்து பொறுக்கிய புழுக்கை யாருடையது என்று சொல்ல முடியாது. பாக்டீரியா வகைகளை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசையறிதல் தருவது விகிதங்களை மட்டுமே. மொத்த அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தாலும் விகிதப் படம் வண்ணமயமாகவே இருக்கும். அளவறி பிசிஆர் எண்ணோடு சேர்த்துப் படிக்காத விகிதப் படத்துக்கு, ஆன்டிபயாடிக் ஆய்வில் பொருள் மிகக் குறைவு. பாக்டீரியா மிகக் குறைந்த மாதிரிகளில், டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் வரிசைகளும் மேலெழும். வெற்று மாதிரி ஒன்றையும் வரிசையறிய அனுப்ப வேண்டும்.

இரத்தத்தை வாலிலிருந்து எடுப்பது எளிது. ஆனால் கல்லீரலுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதை வால் இரத்தம் சொல்லாது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களான புரோப்பியோனேட்டையும் பியூட்டிரேட்டையும் குடல் சுவரும் கல்லீரலும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடுவதால், உடலின் பொது இரத்தத்தில் அவற்றின் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். ஆகவே விலங்கை முடிக்கும் நேரத்தில் போர்ட்டல் சிரையிலிருந்தே எடுக்க வேண்டும்.

மறுவளர்ச்சியை அளப்பதில் பரவலான முறை, கல்லீரல் எடையை உடல் எடையால் வகுப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாக்டீரியா இல்லாத அல்லது ஆன்டிபயாடிக் பெற்ற சுண்டெலியின் வயிற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது குருட்டுக்குடல்தான்: இயல்பான அளவைவிடப் பல மடங்கு ஊதி, சுவர் மெலிந்து, உள்ளே நீர்த்த குழம்பு நிறைந்து, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக் கிடக்கும். அந்தக் குழம்பின் எடையும் உடல் எடையில் சேர்ந்துவிடுகிறது. கல்லீரல் சிறிதும் வேறுபடாதபோதும் விகிதம் தாழ்ந்து காட்டும். குருட்டுக்குடலைத் தனியே எடைபோட்டுக் கழித்துவிட்டு விகிதத்தைக் கணக்கிட வேண்டும்; அல்லது நீக்கிய மடல்களின் எடையிலிருந்து தொடக்கக் கல்லீரல் எடையை மதிப்பிட்டு, அதில் எத்தனை விழுக்காடு மீண்டது என்று சொல்ல வேண்டும். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கழித்தல் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

எடை மட்டும் போதாது. நீரும் கொழுப்பும் சேர்ந்தாலும் எடை கூடும். எனவே செல் பிரிவதை நேரடியாகக் காட்டும் கேஐ-67 சாயமிடல், விலங்கை முடிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு செலுத்தப்பட்டுப் புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேரும் பிஆர்டியு, பிரியும் நிலையில் உள்ள செல்களின் எண்ணிக்கை ஆகியவற்றில் இரண்டையேனும் பார்க்க வேண்டும். குழு விவரம் அறியாதவர் எண்ண வேண்டும்; கல்லீரல் செல்களை மட்டுமே எண்ண வேண்டும், ஏனெனில் இரத்தப் பாதைச் செல்களும் கூஃபர் செல்களும் தாமதமாகத் தம் முறைக்குப் பிரிகின்றன. ஒரே ஒரு நேரப் புள்ளியை மட்டும் பார்த்தால், வளர்ச்சி தள்ளிப்போனதா, நின்றே போனதா என்பது தெரியாது. சுண்டெலியில் 24, 36, 48, 72 மணி நேரங்களும் ஏழாம் நாளும் குறைந்தபட்சத் தேவை. 48 மணி நேரத்தில் பாதியாகத் தெரிவது ஏழாம் நாளில் சமமாகிவிட்டால், அதைத் தாமதம் என்றே எழுத வேண்டும்.

இறந்த விலங்குகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. மோசமாகப் பாதிக்கப்பட்டவை இறந்து, தாங்கியவை மட்டும் அளக்கப்பட்டால், அந்தக் குழுவின் மறுவளர்ச்சி உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

படி 8: திருப்பித் தருதல்

ஆன்டிபயாடிக் நிறுத்தப்பட்டு மருந்து வெளியேறிய பின், இயல்பான சுண்டெலியின் புழுக்கைக் கரைசலைச் செலுத்துவது முதல் வழி. இது மீட்சியைக் காட்டும். எந்த இனத்தால் மீட்சி வந்தது என்பதைக் காட்டாது. தெரிந்த சில இனங்களை மட்டும் கிருமியற்ற சுண்டெலியில் குடியேற்றுவது இரண்டாம் வழி. உழைப்பு மிகுந்தது, பலனும் மிகுந்தது. பாக்டீரியாவை விட்டுவிட்டு அதன் விளைபொருளை மட்டும் தருவது மூன்றாம் வழி: அசிட்டேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமில உப்பைக் குடிநீரில் கலப்பதோ, குறிப்பிட்ட பித்த அமிலத்தை உணவில் சேர்ப்பதோ இதில் அடங்கும். சோடியம் உப்பாகத் தரும்போது, ஒப்பீட்டுக் குழுவுக்குச் சாதாரண உப்பு அதே சோடியம் அளவில் தரப்பட வேண்டும். மீட்புக் குழுவில் போர்ட்டல் இரத்த அளவு உண்மையிலேயே இயல்புக்குத் திரும்பியதா என்பதையும் அளக்க வேண்டும். திரும்பாதபோது மறுவளர்ச்சி மட்டும் மேம்பட்டால், நாம் எண்ணிய பாதை அது அன்று.

படி 9: மனிதரைப் பற்றிப் பேசுவதற்கு முன்

ஆய்வுச் சுண்டெலி இளமையானது. அதன் கல்லீரல் நலமானது. அறுவை மேசைக்கு வரும் நோயாளியின் கல்லீரலில் கொழுப்போ, தழும்போ, கீமோதெரபியின் பாதிப்போ பெரும்பாலும் இருக்கும். தொற்றைத் தடுக்க அவருக்கு ஆன்டிபயாடிக் தரப்படுவதும் நடைமுறை. அந்த மருந்து உயிர் காப்பது. விலங்கு ஆய்வின் முடிவைச் சுட்டி அதை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பித்த அமிலப் பாதையில் இடைவெளி இன்னும் ஆழமானது. பாக்டீரியா இல்லாத சுண்டெலியில் டாரோ-பீட்டா-மியூரிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலம் தேங்குகிறது என்றும், அது எஃப்எக்ஸ்ஆர் ஏற்பியைத் தடுக்கிறது என்றும் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். குடல் பாக்டீரியா எஃப்எக்ஸ்ஆர் வழியே கல்லீரலுக்கு உதவுகிறது என்ற விளக்கம் பெருமளவு இந்த அமிலத்தைச் சார்ந்தே நிற்கிறது. வளர்ந்த மனிதரின் பித்தத்தில் மியூரிகோலிக் அமிலங்கள் கணிசமான அளவில் இல்லை. அவற்றை உண்டாக்கும் சிஒய்பி2சி70 நொதி சுண்டெலிகளில் செயல்படுவது. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் மனிதருடையதை ஒத்த பித்த அமிலக் கலவை அமைவதால், மனிதரை நோக்கிய கேள்விகளுக்கு அவை நெருக்கமான தேர்வு. ஆனால் அவற்றின் கல்லீரலில், குறிப்பாகப் பெண் சுண்டெலிகளில், அறுவைக்கு முன்பே பாதிப்பு இருக்கக்கூடும் என்பதால், அதே இனத்தில் போலி அறுவைக் குழுவை இரு பாலுக்கும் தனித்தனியே வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.